வீட்டுக்குள் பாட்டியைப் படமெடுக்க எந்த கேமரா? வாங்கும் முன் யோசனை வேண்டும்

கோடைமழை | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நான்கைந்து மாதமாக இங்கே வாசித்துவருகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

ஒரு கேமரா வாங்க வேண்டும். இரண்டு வாரமாக விமர்சன வீடியோக்களைப் பார்த்ததில், ஆரம்பத்தில் இருந்த தெளிவும் போய்விட்டது. இப்போது பட்டியலில் மூன்று: கேனான் ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400. கிட் லென்ஸோடு (கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ்) டெலி லென்ஸும் (தூரத்தில் இருப்பதை எடுக்க) சேர்ந்த இரட்டை லென்ஸ் பெட்டியாக எடுத்தால் லாபம் என்கிறார்கள். நேற்று ஒருவர், ஃபுல் ஃப்ரேம் (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமரா) இல்லாமல் எது வாங்கினாலும் காசு வீண் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தூக்கமே இல்லை.

என்னால் முடிந்தது ஒரு நுழைவுநிலை கேமராவும் ஒரு லென்ஸும்தான். அதற்கே ஒரு வருடம் சேர்த்திருக்கிறேன். தவறாக வாங்கிவிட்டால் மறுபடி வாங்க என்னிடம் வழி இல்லை. மூன்றில் எது?

எஃப்பதினாறு | ஞாயிறு, இரவு 9.32

மூணுமே நல்ல கேமராதாங்க. ஆர்50-ம் ஏ6400-ம் 24 மெகாபிக்சல், இசட்50 கிட்டத்தட்ட 21. அந்த வித்தியாசத்தை மறந்துடுங்க. 24 மெகாபிக்சல்னா 6000-க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வச்சு பிரிண்ட் போட்டாலே 20-க்கு 13 அங்குலம் வரும். சுவர்ல மாட்டுற அளவு.

எதை எடுக்கப்போறீங்கன்னு நீங்க எழுதவே இல்லையே?

முழுச்சட்டம் | ஞாயிறு, இரவு 10.05

ஃபுல் ஃப்ரேம் பற்றி உங்களிடம் சொன்னவர் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் பொய் சொல்லவில்லை. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ.; உங்கள் பட்டியலில் இருக்கும் கேமராக்களின் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5×15.6 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், இரண்டே கால் மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரும். அத்தனை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. நான் முதலில் சின்ன சென்சார் வாங்கி, ஒன்றரை வருடத்தில் நட்டத்துக்கு விற்றுவிட்டுத்தான் மாறினேன். இன்னும் ஆறு மாதம் சேர்த்துவிட்டு, பழைய ஃபுல் ஃப்ரேம் ஒன்றைப் பாருங்கள் என்பேன்.

வடக்குச்சன்னல் | திங்கள், காலை 6.20

கோடைமழை, மேலே எஃப்பதினாறு கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன், கொஞ்சம் வேறு விதமாக. எந்தப் படத்தை எடுக்க முயன்று முடியாமல் போனதால் கேமரா வாங்கும் எண்ணம் வந்தது? அந்தப் படம் உங்கள் போனில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதன் விவரத்தைத் திறந்து ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறக்கும் அளவு; எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்; ஏற ஏற இரைச்சல் கூடும்) மூன்றையும் இங்கே எழுதுங்கள். படத்தைப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

மாடல் பெயரைப் பிறகு பேசிக்கொள்ளலாம். "எது நல்ல கேமரா" என்று கேட்டால் இங்கே ஆளுக்கொரு பதில் சொல்வோம். அவரவர் எடுக்கும் படத்துக்கு அவரவர் பதில் சரியாகவும் இருக்கும். அதனால் உங்களுக்குப் பயன் இல்லை.

கோடைமழை | திங்கள், இரவு 8.45

மன்னிக்கவும், அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

என் பாட்டிக்கு 84 வயது. போன வருடம் கீழே விழுந்ததிலிருந்து வெளியே போவதில்லை. கூடத்தில் ஒரு மர நாற்காலி, அதுதான் அவருடைய இடம். என் அக்கா மகனுக்கு இரண்டு வயது. மாலையில் அவன் வந்தால் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஓடுவான், பாட்டி கையை நீட்டி நீட்டி அவனைப் பிடிக்கப் பார்ப்பார். அதை எடுக்க வேண்டும். பாட்டியின் முகத்தையும் கையையும் தனியாக எடுக்க வேண்டும். தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் இருப்பதே ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்தான். அதைப் பெரிதாக்கினால் முகம் கலைந்துபோகிறது. பாட்டிக்கும் அப்படி ஆகக்கூடாது.

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடுகிறது. போனில் எடுத்தால் பையன் புகை மாதிரி இழுபட்டிருக்கிறான். பாட்டி அசையாமல் இருந்தாலும் முகத்தின் சுருக்கமெல்லாம் மெழுகு பூசியதுபோல வழவழவென்று வருகிறது. போன வாரப் படம் ஒன்றின் விவரம்: 1/20 நொடி, எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. 400.

வடக்குச்சன்னல் | திங்கள், இரவு 10.30

இந்த மூன்று எண்கள் போதும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1/20 நொடி என்பது ஓடும் குழந்தைக்கு மிக நீண்ட நேரம். அந்த நேரத்தில் அவன் கை சில அங்குலம் நகர்ந்துவிடும். போன் அதைச் சமாளிக்க அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசைகிற இடங்களில் அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் புகையாகிவிடும். புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைத் துடைக்கும்போது தோலின் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. மெழுகு முகம் அப்படித்தான் வருகிறது.

பையனை நிறுத்திப் பிடிக்க 1/250 வேண்டும். பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது எடுக்க 1/125 போதும். இப்போது கணக்கு. அதே கூடம், அதே விளக்கு.

இரட்டைப் பெட்டியில் வரும் கிட் லென்ஸை முழுக்க நீட்டினால் அப்பர்ச்சர் எஃப்/5.6 சுற்றித்தான் திறக்கும். எஃப்/1.8-ஓடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெளிச்சம். 1/250 வைத்தால் ஐ.எஸ்.ஓ. 48,000 பக்கம் போகும். எந்த நுழைவுநிலை கேமராவிலும் அது பார்க்கத் தகுந்த படமாக இருக்காது. டெலி லென்ஸ் இதைவிட மோசம். அது பகல் வெளிச்சத்துக்கானது.

எஃப்/1.8 திறக்கும் ஒற்றைக் குவிய லென்ஸ் (ஜூம் இல்லாதது) இருந்தால், பையனுக்கு ஐ.எஸ்.ஓ. 5000, பாட்டிக்கு 2500. நீங்கள் சொன்ன மூன்று உடல்களும் (லென்ஸ் இல்லாத கேமரா) அதைத் தாங்கும். 2500-ல் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும்.

ஆக, உங்கள் படத்தைத் தீர்மானிக்கப்போவது லென்ஸ். மூன்றில் எந்த உடலுக்கு எஃப்/1.8 அல்லது எஃப்/2 லென்ஸ் உங்கள் கைக்கு எட்டுகிறதோ அதை வாங்குங்கள். லென்ஸின் மி.மீ. ஏற ஏறப் பார்க்கும் கோணம் குறுகும். ஏபிஎஸ்-சி உடலில் 35 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 52 மி.மீ. போலப் பார்க்கும், கூடத்தில் நாற்காலியையும் பையனையும் சேர்த்து எடுக்க அந்தக் கோணம் சரி. 50 மி.மீ. போட்டால் 75 அல்லது 80 ஆகிவிடும். முகத்துக்கு அருமை, ஆனால் நீங்கள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. கேமரா வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே போனிலேயே எடுங்கள், பாட்டி பேசுவதையும் பதிவு செய்யுங்கள். என் அம்மாவின் குரல் என்னிடம் இல்லை. அதனால் சொல்கிறேன்.

முழுச்சட்டம் | திங்கள், இரவு 11.15

பாட்டிக்காக என்று தெரியாமல் எழுதிவிட்டேன், கோடைமழை. ஆறு மாதம் காத்திருங்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் வடக்குச்சன்னல் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே 2500 ஐ.எஸ்.ஓ.வில் ஃபுல் ஃப்ரேம் படம் ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) மேல் சுத்தமாக இருக்கும். ஏபிஎஸ்-சி 2500-ல் தருவதை அது 5000-லும் தரும். அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்.

வடக்குச்சன்னல் | திங்கள், இரவு 11.40

தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் இருக்கும் பணத்துக்கு ஃபுல் ஃப்ரேம் உடல் வாங்கினால் லென்ஸுக்கு மிச்சம் இருக்காது. கிட் லென்ஸோடு நின்றால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் இழக்கிறார், சென்சாரில் ஒரு ஸ்டாப் சம்பாதிக்கிறார்.

முழுச்சட்டம் | திங்கள், இரவு 11.48

சரிதான்.

தோள்பை | செவ்வாய், காலை 7.55

கணக்கு எல்லாம் எனக்கு அவ்வளவா வராது. என் அனுபவத்தைச் சொல்றேன் தங்கச்சி.

எட்டு வருஷம் முன்னாடி, எல்லாரும் சொன்னாங்கன்னு பெரிய டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச பழைய வகை கேமரா) ஒண்ணும் மூணு லென்ஸும் வாங்கினேன். பையோட சேர்த்தா நாலு கிலோ. மூணு மாசம் ஆசையா தூக்கினேன். அப்புறம் பை அலமாரிக்குப் போச்சு. வீட்ல ஏதாவது நடக்கும், சரி எடுக்கலாம்னு நினைச்சா பையை இறக்கணும், ஜிப்பைத் திறக்கணும், லென்ஸ் மாட்டணும். அதுக்குள்ள அது முடிஞ்சிரும். என் பொண்ணு முதல் தடவை நடந்தது அப்படித்தான் போச்சு. அது இன்னும் மனசுல இருக்கு.

இப்ப ஒரே ஒரு சின்ன கேமரா, ஒரே லென்ஸ். பையே கிடையாது, சாப்பாட்டு மேஜை ஓரத்துல மூடி கழட்டின மாதிரியே இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி மூணையும் கையில பிடிச்சுப் பாருங்க. சுண்டுவிரல் எங்க நிக்குது, கட்டைவிரலால எல்லா டயலும் எட்டுதான்னு பாருங்க. வீடியோ பார்த்து இதெல்லாம் தெரியாது.

பேசும்படம் | செவ்வாய், காலை 9.10

வேறு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இந்த கேமரா வாங்கத்தான் வேண்டுமா என்றே தோன்றுகிறது. நாற்காலியை சன்னல் பக்கம் நகர்த்தினால் பாதிப் பிரச்சினை தீராதா? விடுமுறை நாள் காலையில், சன்னலுக்குப் பக்கவாட்டில் பாட்டியை உட்காரவைத்து, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். சன்னலில் இருந்து நாலடி தள்ளினாலே வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். நம் கண் தானாகவே பழகிக்கொள்வதால் அது நமக்கு உறைப்பதில்லை. ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சேர்த்த பணம் எங்கும் போகாது.

எஃப்பதினாறு | செவ்வாய், காலை 9.50

இதை நானும் ஆமோதிக்கிறேன். ஃப்ளாஷும் ஒரு வழிதான். கேமரா மேல மாட்டுற தனி ஃப்ளாஷை நேரா முகத்துக்கு அடிக்காம வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைங்க. வெளிச்சம் கூரையில பட்டு மெத்துனு கீழ இறங்கும். ஃப்ளாஷ் மின்னுற நேரம் ரொம்பக் குறைவு, அதனால ஓடுற பையன்கூட நின்னுடுவான்.

கோடைமழை | செவ்வாய், இரவு 9.05

பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் அறுவை ஆகியிருக்கிறது, பளிச்சென்று எது அடித்தாலும் கையால் மறைத்துக்கொள்வார். கூரைக்கு அடித்தாலும் அவர் முகம் சுளித்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது. ஃப்ளாஷ் வேண்டாம்.

சன்னல் யோசனையை ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன். ஆனால் மாலையில் பையன் ஓடுவதை எடுக்க அது உதவாதே?

பேசும்படம் | செவ்வாய், இரவு 9.20

உதவாது. அதற்கு லென்ஸ்தான். ஒப்புக்கொள்கிறேன்.

பழுதுமேசை | புதன், இரவு 10.10

இருபது வருஷமா கேமரா பழுது பார்க்கிறவன் நான். கையிருப்பு குறைவுன்னா இரண்டாம் கை வாங்குறதுல தப்பில்லை. புதுசு வாங்கி லென்ஸ் இல்லாம நிக்கிறதைவிட, பழசு வாங்கி நல்ல லென்ஸோட நிக்கலாம். ஆனா பார்த்து வாங்கணும்.

லென்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. ரெண்டு மூடியையும் கழட்டிட்டு, பின்பக்கம் இருந்து டார்ச் அடிச்சு முன்பக்கம் சாய்வாப் பாருங்க. தூசி நாலு இருக்கும், அது ஒண்ணும் செய்யாது. சிலந்தி வலை மாதிரி, மரக்கிளை மாதிரி மெல்லிசா கோடு ஓடினா பூஞ்சை. விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்னு வச்சிடுங்க. சுத்தம் செய்யலாம்தான், ஆனா கண்ணாடிப் பூச்சை அது அரிச்சிருந்தா அந்தத் தடம் போகாது. அப்பர்ச்சர் இதழ்ல எண்ணெய் மினுங்குதான்னும் பாருங்க.

அப்புறம் உடல். எஃப்/16 வச்சு, ஃபோகஸை வேணும்னே கலைச்சு, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்க. படத்தைப் பெருசாக்கினா சென்சார்ல இருக்கிற அழுக்கு சாம்பல் பொட்டாத் தெரியும். பொட்டுன்னா துடைச்சிடலாம், நீளக் கோடுன்னா கீறலா இருக்கலாம். லென்ஸ் மூடியைப் போட்டுட்டு சில விநாடி எக்ஸ்போஷர்ல ஒரு படம். அங்கங்க கலர் புள்ளி மின்னினா சென்சார்ல ஹாட் பிக்சல் (வெளிச்சம் இல்லாமலே மின்னுற பழுதுப் புள்ளி) எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளுங்க. நுழைவுநிலை கேமரா ஷட்டரை ஒரு லட்சம் தடவை கணக்குல செய்வாங்க. சில கம்பெனி கேமராவில் படக் கோப்புக்குள்ளயே அந்த எண் இருக்கும், சிலதுல இருக்காது.

எல்லாரும் விட்டுடறது திருகு. அடிப்பக்கமும் லென்ஸ் மாட்டுற மவுன்ட்டைச் சுத்தியும் இருக்கிற சின்னத் திருகோட தலையைப் பாருங்க. தேய்ஞ்சிருந்தா யாரோ திறந்திருக்காங்க. ஏன் திறந்தாங்கன்னு கேளுங்க, பதில் தடுமாறினா எழுந்து வந்துடுங்க. மெமரி கார்டும் உங்களோடதைக் கொண்டு போங்க, எடுத்த படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாப் பாருங்க. அன்னைக்கே பணம் கொடுக்கணும்னு அவசரப்படுத்துறவர்கிட்ட வாங்காதீங்க.

கோடைமழை | புதன், இரவு 10.40

ஐயா, இதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டாம் கை என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே? நிக்கான் டி5600 ஒன்று பார்த்தேன், அதோடு 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸும் தருகிறார்களாம்.

எஃப்பதினாறு | புதன், இரவு 10.52

நில்லுங்க நில்லுங்க. அந்த ஜோடி வேண்டாம்.

நிக்கான்ல பேர் முடிவுல 'டி' இருக்கிற பழைய லென்ஸுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது, உடல்ல இருக்கிற மோட்டார்தான் அதைத் திருப்பணும். டி3500, டி5600 மாதிரி உடல்கள்ல அந்த மோட்டாரும் கிடையாது. லென்ஸ் மாட்டும், படமும் வரும், ஆனா ஒவ்வொரு தடவையும் கையால ஃபோகஸ் பண்ணணும். ஓடுற ரெண்டு வயசுப் பையனை அப்படி எடுக்கவே முடியாது. டி5600 எடுக்கிறதா இருந்தா 2009-ல வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி பாருங்க. அதுக்குள்ளயே மோட்டார் இருக்கு, உங்க கூடத்துக்கும் அதுதான் சரியான அளவு.

நிழற்குடை | வியாழன், காலை 8.30

டிஎஸ்எல்ஆர் வாங்குவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கேனானும் நிக்கானும் கடைசியாகப் புதிய டிஎஸ்எல்ஆர் வெளியிட்டது 2020-ல். இப்போது அவர்கள் கவனம் முழுக்க 2018-ல் தொடங்கிய ஆர்எஃப், இசட் மவுன்ட்களில்தான். அதனால் பழைய கேமரா கெட்டுவிடப்போவதில்லை, பழைய லென்ஸ்கள் ஏராளமாகச் சந்தையில் உண்டு. பேட்டரியும் டிஎஸ்எல்ஆரில் வெகுநேரம் நிற்கும். டி3500-க்கு ஒரு சார்ஜில் 1550 படம் என்று கணக்கு. மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை, உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றும் அதுதான்) 300, 400 படத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மவுன்ட் நின்றுபோவது மிரர்லெஸ்ஸிலும் நடந்திருக்கிறது. நிக்கான் 1 வரிசை 2011-ல் வந்தது, 2018-ல் முடிந்துபோனது. கேனானின் இஎஃப்-எம் 2012-ல் வந்தது, அதுவும் இப்போது இல்லை. அந்த லென்ஸ்களை ஆர்எஃப் உடலில் மாட்ட வழி கிடையாது. மலிவாக வருகிறதே என்று அவற்றில் போய் விழாதீர்கள்.

உங்களுக்கு மிரர்லெஸ் பக்கம் சாய ஒரே ஒரு காரணம் சொல்வேன்: கண்ணைத் தேடிப்பிடிக்கும் ஃபோகஸ். எஃப்/1.8-ல் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. பையன் ஓட ஓட அவன் கண்ணை கேமராவே துரத்திப் பிடிப்பது, புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குப் பெரிய உதவி. உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றுக்கும் அது உண்டு.

கோடைமழை | ஞாயிறு, மாலை 4.15

ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் நாற்காலியை சன்னலோரம் நகர்த்தினேன். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை, "என் இடத்தை ஏன்டி மாத்துறே" என்றார். பத்து நிமிடம் என்று கெஞ்சி உட்காரவைத்தேன். பேசும்படம், நீங்கள் சொன்னது உண்மைதான். போனிலேயே முகம் எவ்வளவோ தெளிவாக வந்திருக்கிறது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல். இத்தனை வருடம் அந்த சன்னலைத் திரைபோட்டு மூடியே வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் தன் ஏ6400-ஐ 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோடு ஒரு மாலைக்குக் கொடுத்தார். 1/250, எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. தானாக என்று வைத்து எடுத்தேன். 5000, 6400 என்று வந்தது. பையன் நின்றுவிட்டான். ஒரு கால் தரையில் இல்லை, அதுகூடத் தெரிகிறது. புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கிறது, ஆனால் மெழுகு இல்லை. பாட்டியின் கை அவன் சட்டையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் இருக்கிறது.

ஆர்50-ஐயும் இசட்50-ஐயும் கையில் பிடித்துப் பார்த்தேன். பிடிமானத்தில் இசட்50-தான் எனக்கு மிக வசதி. ஆனால் இரண்டாம் கையில் லென்ஸோடு சேர்த்து எட்டுவது ஏ6400-தான். ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 31,000 ஷட்டர், திருகெல்லாம் சுத்தம். டார்ச் கொண்டுபோய்ப் பார்த்தேன், இரண்டு தூசி, வேறொன்றும் இல்லை. விற்பவர் படங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள் என்று அவராகவே சொன்னார்.

பழுதுமேசை | ஞாயிறு, மாலை 5.30

அப்ப வாங்கலாம். திரையைத் தூக்கி இறக்கும்போது படம் விட்டுவிட்டு வருதான்னு மட்டும் ஒரு தடவை பாருங்க, உள்ளே இருக்கிற கேபிள் அங்கதான் முதல்ல தேயும். பேட்டரி பக்கவாட்டுல உப்பியிருந்தா புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க.

கோடைமழை | புதன், இரவு 9.50

வாங்கிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

இரண்டு சந்தேகம். ஒன்று, மிகக் கிட்டத்தில் எடுத்தால் பாட்டியின் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வருகிறது. இரண்டாவது, பையன் தூங்கும்போது சத்தம் வரக்கூடாது என்று சைலன்ட் ஷட்டர் வைத்தேன். படம் முழுக்கக் குறுக்கே கறுப்பு வெளுப்பாகப் பட்டை பட்டையாக இருக்கிறது. கேமராவில் பழுதா? பயந்துபோய் எழுதுகிறேன்.

வடக்குச்சன்னல் | புதன், இரவு 10.05

பழுது இல்லை, நிம்மதியாக இருங்கள்.

பட்டைக்குக் காரணம் உங்கள் கூடத்து எல்.இ.டி. விளக்கு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் அது நொடிக்கு 100 முறை துடிக்கும். சைலன்ட் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் விளக்கு சில முறை கூடிக் குறைந்துவிடுகிறது. அதுதான் பட்டை. சாதாரண ஷட்டருக்கு மாறுங்கள். தூங்கும் குழந்தைக்கு சைலன்ட் வேண்டுமென்றால் 1/100 அல்லது 1/50 வையுங்கள், ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பு கிடைத்துவிடும். தூங்குகிறவனுக்கு அந்த வேகம் போதும்.

கண் விஷயம்: ஒரு மீட்டர் தள்ளி நின்று 35 மி.மீ.யில் எஃப்/1.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. இன்னும் கிட்டே போனால் அதுவும் சுருங்கும். முகம் சற்றுத் திரும்பினாலே ஒரு கண் வெளியே போய்விடும். பாட்டியைத் தனியாக எடுக்கும்போது எஃப்/2.8 வையுங்கள், ஆழம் 9 செ.மீ. ஆகும். ஐ.எஸ்.ஓ. 6000 வரை ஏறும், ஏறட்டும். அல்லது பகலில் சன்னலோரம் எடுத்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

நிழற்குடை | புதன், இரவு 10.20

ரா கோப்பையும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) சேர்த்தே பதியுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைதான், 14 பிட் ரா கோப்பில் 16,384. பாட்டியின் முகத்தில் நிழல் பக்கத்தைப் பின்னால் கொஞ்சம் தூக்க வேண்டுமென்றால் அங்கேதான் இடம் இருக்கும். படங்களை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே எங்காவது ஒன்று.

தோள்பை | வியாழன், காலை 7.40

வாழ்த்துகள் தங்கச்சி. கேமராவை அலமாரிக்குள்ள வைக்காதீங்க. தோல் பைக்குள்ள மூடி வச்சாலும் ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். தினம் எடுத்துப் புழங்கினாலே போதும்.

கோடைமழை | ஞாயிறு, இரவு 8.30

சன்னலோரம், எஃப்/2.8, 1/125. ஐ.எஸ்.ஓ. வெறும் 320. இரண்டு கண்ணும் கூர்மை. 12-க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு இன்று பாட்டியிடம் கொடுத்தேன்.

வெகு நேரம் பார்த்தார். கன்னத்தில் உள்ள தழும்பைத் தொட்டு, சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்த கதையைச் சொன்னார். நான் இதுவரை கேட்டதே இல்லை. போனில் பதிவு செய்துகொண்டேன். பிறகு, "கண்ணாடி இல்லாம எடுத்துட்டியே, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒண்ணு எடு" என்றார். போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணாடி முழுக்க சன்னல்தான் தெரிகிறது, கண் தெரியவில்லை. இதற்கு என்ன செய்வது?

எஃப்பதினாறு | ஞாயிறு, இரவு 8.50

கண்ணாடியோட காம்பை காதுக்கு மேல ஒரு அரை அங்குலம் தூக்கி வைங்க. கண்ணாடி லேசா தரையைப் பார்த்துச் சாயும், சன்னல் பிம்பம் கேமராவுக்குத் தெரியாம விலகிடும். முன்னால இருந்து பார்த்தா தூக்கினதே தெரியாது. நாற்காலியையும் சன்னலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கவாட்டாத் திருப்புங்க.

கோடைமழை | ஞாயிறு, இரவு 9.02

நாளைக் காலை செய்து பார்க்கிறேன். நாற்காலியைத் திருப்பி நகர்த்த வேண்டியதில்லை. அது இப்போது சன்னலோரம்தான் இருக்கிறது.